மூக்கு எழும்பிய வண்டி

ஜூன் 2, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்த வீட்டில் நடப்பதையெல்லாம் இனிமேல் உள்ளது உள்ளபடியே எழுதுவேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். போனில் பேசினால் பின்னால் அம்மா குரல் கேட்கிறது, அதனால் கடிதமே போடு என்று நீங்கள் சொன்னீர்கள். "எதையும் மறைக்காம எழுதணும், வக்கீலு" என்றும் சொன்னீர்கள். நான் தனி நோட்டு வாங்கி, தேதி போட்டுக் குறித்துவைத்து, அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது வீட்டில் ஒரே பேச்சு வண்டியைப் பற்றித்தான். ஜீப்புக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போகும் கேம்பர் வண்டி. பக்கவாட்டில் பார்த்தால் கண்ணீர்த்துளி படுத்திருப்பதுபோல இருக்கும். முன்பக்கம் உருண்டை, பின்பக்கம் சரிவு. உள்ளே ஒரு மெத்தை மட்டும். பின்பக்க மூடியைத் தூக்கினால் அடுப்பும் தண்ணீர்க் குழாயும் வைத்த குட்டிச் சமையலறை. சக்கரம் பெரிதாக, உயரமாக இருப்பதால் தார் ரோடு இல்லாத மலைப்பாதையிலும் போகுமாம். அம்மாவுக்கு ஆசை. லேபில் நாள் முழுக்க ரத்தக் குழாய்களுக்கு நம்பர் ஒட்டி ஒட்டி, நம்பரே இல்லாத இடத்துக்குப் போகவேண்டும்போல இருக்கிறதாம்.

கேள்வி இதுதான்: புதிதாக வாங்குவதா, பழைய ட்ரெய்லர் ஒன்றை வாங்கி மாற்றுவதா, முதலிலிருந்து நாமே கட்டுவதா? நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஒன்றாக மூன்று பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். நேற்று ஷோரூமுக்குப் போய்ப் பார்த்தோம். அம்மா உள்ளே குனிந்து போய், நிமிரும்போது தலையில் இடித்துக்கொண்டாள். அங்கிள் (அம்மா இப்போது கல்யாணம் செய்துகொண்டிருப்பவரை நான் அப்படித்தான் கூப்பிடுகிறேன்) உடனே கதவை அளந்தார். "கதவு ரெண்டு இஞ்ச் கம்மி" என்றார். விற்பவர், "சார், எல்லாரும் குனிஞ்சுதான் போறாங்க" என்றார். அம்மா தலையைத் தடவிக்கொண்டே சிரித்தாள்.

மெத்தையில் இரண்டு பேர்தான் படுக்கலாம்.

நீங்கள் இருபது வருடமாக ட்ரெய்லர் கட்டுகிறீர்கள். உங்கள் கருத்து வேண்டும். கையில் வெல்டிங் பட்ட புண் ஆறிவிட்டதா?

அன்புடன்,
உங்கள் வக்கீல்


ஜூன் 8, சனி

என் கண்ணு வக்கீலுக்கு அப்பா எழுதுவது.

கை ஆறிவிட்டது. கடிதத்தைப் பட்டறையில் நின்றபடியே படித்தேன், ஓரத்தில் கிரீஸ் ஆகிவிட்டது.

வாங்கச் சொல். கண்ணாடி டாக்டருக்கு இதெல்லாம் ஆகாத வேலை. ஸ்பேனர் பிடித்த கையா அது? மூக்கில் கண்ணாடி சரியாக உட்காருகிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும். கட்டுகிறேன், மாற்றுகிறேன் என்று இறங்கினால் பாதியில் விட்டுவிட்டு, நடு வாசலில் துருப்பிடிக்க விடுவார்.

ஒன்று கேட்கிறேன், உண்மையாகச் சொல். மெத்தையில் இரண்டு பேர் என்றால் உனக்கு எங்கே இடம்? இதை யாராவது யோசித்தார்களா?

இன்னொன்று. உன் அம்மா அவரை எப்படிக் கூப்பிடுகிறாள்? சும்மாதான் கேட்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. புத்தகத்தை முகத்தில் ஒட்டி வைத்துப் படிக்காதே.

அப்பா


ஜூன் 16, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

முதலில் ஒரு திருத்தம். அவர் கண்ணாடிக் கடைதான் வைத்திருக்கிறார், டாக்டர் இல்லை.

உங்கள் கேள்விகளுக்குப் பதில். அம்மா அவரை "என்னங்க" என்று கூப்பிடுகிறாள். உங்களை எப்படிக் கூப்பிடுவாள் என்று யோசித்துப் பார்த்தேன். "இங்க பாருங்க" என்று ஆரம்பிப்பாள், நீங்கள் பார்க்கமாட்டீர்கள். பிறகு சத்தமாக "ஹலோ" என்பாள்.

எனக்கு வண்டியில் இடம் இல்லை. பக்கத்தில் சின்னக் கூடாரம் போட்டு அதில் நான் படுக்கவேண்டும். எனக்கு அதில் ஒன்றும் வருத்தம் இல்லை. கூடாரத்தில் டார்ச் வைத்துப் படிக்கலாம். ஆனால் அந்த இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டால், உள்ளே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று வெளியே கேட்காது. ஷோரூமில் நான் வெளியே நின்று சோதித்துப் பார்த்தேன். அம்மா வாய் அசைவது ஜன்னலில் தெரிந்தது, சத்தம் வரவில்லை.

வாங்கச் சொன்னேன். நீங்கள் சொன்னதாகச் சொல்லவில்லை, நூலகத்தில் படித்ததாகச் சொன்னேன். (இது பொய்தான். உங்களிடம் சொல்லிவிட்டதால் கணக்கு சரியாகிவிட்டது என்று நினைக்கிறேன்.) அங்கிள் ஒரு வாரம் யோசித்துவிட்டு, மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டார். பந்தலுக்கு நாற்காலி, மேசை வாடகைக்கு விடுபவரிடம் ஒரு பழைய பெட்டி ட்ரெய்லர் இருந்தது. அதை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். பெட்டி முழுக்க ஓட்டை. அதைக் கழற்றிப் போட்டாயிற்று. கீழே இருக்கும் சேஸ் சட்டம் மட்டும் நல்ல இரும்பு. அதன்மேல் பிளைவுட்டில் புது உடம்பு கட்டப்போகிறோம். ஆக, பாதி மாற்றுவது, பாதி கட்டுவது. என் நோட்டில் நான்காவது பக்கம் தேவைப்பட்டது.

அங்கிள் வேலை செய்வது பார்க்க விநோதமாக இருக்கிறது. லென்ஸ் அளக்கும் சின்ன ஸ்கேலை எடுத்துக்கொண்டு பிளைவுட்டில் அரை மில்லிமீட்டர் குறிக்கிறார். ஒரு கோடு போட இருபது நிமிடம். அம்மா டீயை வைத்துவிட்டு, "என்னங்க, வண்டிக்குப் பவர் பாக்கறீங்களா?" என்று கேட்டாள். அவர் தலை நிமிராமலே, "கிட்டப்பார்வைதான், சரி பண்ணிடலாம்" என்றார். இருவரும் ரொம்ப நேரம் சிரித்தார்கள். எனக்கு அவ்வளவு சிரிப்பு வரவில்லை.

அன்புடன்,
வக்கீல்


ஜூன் 22, சனி

கண்ணு,

பிளைவுட்டை வெட்டிய இடத்தில் ஓரம் முழுக்க எபாக்ஸிப் பசை தடவச் சொல். மூன்று கை, ஒன்று காய்ந்தபின் அடுத்தது. ஓரத்தில்தான் தண்ணீர் குடிக்கும், முகத்தில் இல்லை. சக்கரத்தின் பேரிங்கைக் கழற்றிப் பார்க்கவேண்டும். பந்தல்காரன் கிரீஸே வைத்திருக்கமாட்டான். ஸ்பிரிங் பட்டைகளில் நடுப்பட்டை விரிசல் விட்டிருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பார்க்கவேண்டும். விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போய் வரும். இதையெல்லாம் நூலகத்தில் படித்ததாகவே சொல்லு. என் பேர் வேண்டாம்.

நான் இதைச் சொல்வது உனக்காக. ஜீப்பில் நீயும்தானே போகிறாய்.

முடிந்தால் ஒரு படம் போட்டு அனுப்பு, அளவோடு. அந்த மனுஷன் என்னதான் செய்கிறார் என்று பார்க்கிறேன்.

என்னங்க, நொன்னங்க எல்லாம் நீ எழுதவேண்டியதில்லை. கேட்டால் மட்டும் எழுது.

அப்பா


ஜூலை 7, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

படம் இணைத்திருக்கிறேன். வரைபடத் தாளில், ஒரு கட்டத்துக்குப் பத்து சென்டிமீட்டர். இரண்டு முறை அளந்தேன். உடம்பு நீளம் 290, அகலம் 150. சக்கரங்களை மாட்டும் ஆக்ஸில் முன்பக்கத்திலிருந்து 145, அதாவது சரியாக நடுவில். பழைய ட்ரெய்லரில் எங்கே இருந்ததோ அங்கேயே. பின்னால் சமையல் பெட்டி. அதற்குக் கீழே அறுபது லிட்டர் தண்ணீர்த் தொட்டி. பின்மூடிக்கு வெளியே ஸ்டெப்னி டயர். பேட்டரியும் பின்னால்தான், விளக்குக்குப் பக்கத்தில்.

உங்கள் மூன்று கை எபாக்ஸி போட்டாயிற்று. பேரிங்கில் கிரீஸ் இல்லை, மண்தான் இருந்தது. "உன் நூலகத்துல மெக்கானிக் யாராவது வேலை பாக்கறாங்களா?" என்று அங்கிள் கேட்டார். நான் கிரீஸ் டப்பாவை எடுத்து நீட்டினேன்.

போன ஞாயிறு முதல் முறையாகச் சக்கரத்தில் நிறுத்தினோம். முன்பக்கம் மட்டும் ஒரு ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தது. நான் பின்னால் சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தேன். வண்டியின் மூக்கு ஸ்டாண்டை விட்டு மெதுவாக மேலே எழுந்தது! யானை தும்பிக்கை தூக்குவதுபோல. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். "படிக்கப் படிக்க உனக்குக் கனம் ஏறுது" என்றாள் அம்மா.

அன்றைக்கு அம்மா இன்னொன்றும் சொன்னாள். எழுதலாமா என்று யோசித்தேன். உள்ளபடி எழுதுவதாகச் சொல்லிவிட்டேனே. அங்கிளிடம்தான் சொன்னாள், நான் அந்தப் பக்கம் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். "வண்டி கட்டறவரோட பன்னெண்டு வருஷம் இருந்தேங்க. ஒரு நாள் ஒரு வண்டில எங்கயும் போனதில்ல. ஞாயித்துக்கிழமையும் பட்டறை." அங்கிள் பிரஷ்ஷைக் கழுவினார்.

மாதக் கடைசியில், 28-ஆம் தேதி, மலைப்பாதையில் முதல் ஓட்டம். நான் ஜீப்பின் பின்சீட்டில். அதற்கு முன்னால் 14-ஆம் தேதி பெரிய ரோட்டில் ஒரு சின்ன ஓட்டம். படத்தில் தவறு இருந்தால் உடனே சொல்லுங்கள். சரியாக இருக்கிறதா?

அன்புடன்,
வக்கீல்


ஜூலை 12, வெள்ளி

கண்ணு,

படம் பார்த்தேன். கோடு நேராக இருக்கிறது. நன்றாக இருக்கிறது.

இங்கே வேலை அதிகம். மழை வேறு. பிறகு எழுதுகிறேன்.

அப்பா


ஜூலை 21, ஞாயிறு

அப்பாவுக்கு,

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் நான் அங்கிள் கடையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு தாத்தாவுக்குச் சோதனைக் கண்ணாடி மாட்டி, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார் அங்கிள். கடை போன் அடித்தது. நான் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். அந்தப் பக்கம் பேசியது எனக்குக் கேட்கவில்லை, உங்களுக்குத்தான் தெரியும்.

"ஹலோ. ஆமாங்க, நான்தான். சொல்லுங்க."

அங்கிள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"இல்லைங்க, பரவால்ல, சொல்லுங்க... ஆக்ஸிலா? நடுவுலதான் இருக்கு... ஆமா, பழைய எடம்தான்... ஆமாங்க, தொட்டி, டயர், எல்லாம் பின்னாலதான்."

தாத்தா, "தம்பி, எனக்கு ஒவ்வொரு எழுத்தும் ரெண்டா தெரியுது, இதைக் கழட்டட்டுமா?" என்றார். அங்கிள் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"வால் ஆடுமா? எவ்வளவு வேகத்துல?... ஜீப்பையுமா?" பிறகு வெகு நேரம் கேட்டபடியே மருந்துச்சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். "ஆமா, பாப்பா பின்னாடி உக்காந்தப்ப மூக்கு தூக்குச்சு. நாங்க சிரிச்சோம்... அது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

அப்போது அவர் என்னைப் பார்த்தார்.

"இங்கதான் இருக்கா. பேசறீங்களா?" என்றார். நீங்கள் வைத்துவிட்டீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் அங்கிள் குளியலறையிலிருந்து எடை பார்க்கும் மெஷினைக் கொண்டுவந்து, தொட்டியை நிரப்பி, வண்டியின் மூக்கை அதன்மேல் இறக்கினார். நான்கு கிலோ காட்டியது. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு, ஐம்பது கிலோவுக்கு மேல், அங்கே அழுத்தவேண்டுமாம். அழுத்தாவிட்டால் வேகமாகப் போகும்போது பின்பக்கம் இடமும் வலமும் வீசும், ஜீப்பையும் சேர்த்து இழுத்துக் கவிழ்க்கும் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா யார் சொன்னது என்று கேட்டாள். "தெரிஞ்ச மேஸ்திரி ஒருத்தர்" என்றார்.

நான் என் அறைக்குப் போய் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டேன்.

7-ஆம் தேதி நான் படம் அனுப்பினேன். ஆக்ஸில் நடுவில், கனமெல்லாம் பின்னால் என்று அதிலேயே இருந்தது. மூக்கு எழும்பியதையும் எழுதியிருந்தேன். சரியா என்று கேட்டேன். 12-ஆம் தேதி நன்றாக இருக்கிறது என்று எழுதினீர்கள். போன் செய்தது 19-ஆம் தேதி. நடுவில் 14-ஆம் தேதி எங்கள் சின்ன ஓட்டம் இருந்தது. மழை கொட்டியதால் நாங்கள் போகவில்லை. மழை மட்டும்தான் காரணம்.

எனக்கு ஒரே ஒரு கேள்வி. 12-ஆம் தேதி இதை எழுதும்போது உங்களுக்குத் தெரியுமா?

மகள்


ஜூலை 24, புதன்

கண்ணு,

தெரியும்.

தாளைப் பிரித்த உடனே தெரிந்துவிட்டது. அரை நிமிடம்கூட ஆகவில்லை. எங்கள் பட்டறையில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் தெரியும் அது.

உன் அம்மா சொன்னதாக நீ எழுதியிருந்த வரியைப் படித்தேன். அதற்குக் கீழே நீ பின்சீட்டில் உட்காருவாய் என்ற வரியும் இருந்தது. அதைப் பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். பார்த்தேன். ஆனால் மேலே இருந்த வரியிலேயே நின்றுவிட்டேன். அந்த மனுஷன் ஒரு நாளாவது அவள் முன்னால் முட்டாளாக நிற்கட்டும் என்று நினைத்தேன். கவிழவேண்டும் என்று நினைக்கவில்லை. கவிழாது என்றும் நினைக்கவில்லை. நினைக்கவே இல்லை என்பதுதான் நிஜம். கவரை ஒட்டிப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

19-ஆம் தேதி யாரோ ஒருவருடைய ட்ரெய்லருக்கு ஆக்ஸில் குறி போடச் சொன்னார்கள். சாக்பீஸை எடுத்துக் குனிந்தேன். மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் உன் படம்தான் தெரிந்தது, 145 என்று நீ எழுதிய அந்த எண். அப்படியே வெளியே போய் நீ முன்பு வந்திருந்தபோது உன் கண்ணாடி டப்பாவில் பார்த்து வைத்திருந்த கடை நம்பருக்குப் போன் போட்டேன்.

ஆக்ஸிலைப் பின்னால் இருபத்தைந்து சென்டிமீட்டர் தள்ளச் சொல்லியிருக்கிறேன். தொட்டியும் பேட்டரியும் முன்னால். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. நன்றி சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

அம்மாவிடம் நீ சொல்லலாம். நான் தடுக்கமாட்டேன்.

அப்பா


ஆகஸ்ட் 11, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

இரண்டு வாரமாக எழுதவில்லை. மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். முதல் கடிதத்தில் உங்களை என்ன சொல்லி அழைத்தேன் என்பதை எழுதமாட்டேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. உங்களுக்காக இல்லை. சொன்னால் நான் என்னவெல்லாம் உங்களுக்கு எழுதினேன் என்றும் சொல்லவேண்டி வரும். அங்கிளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். உங்கள் கவரைத் தபால் பெட்டியிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார். "உங்கப்பா தொழில் தெரிஞ்சவர்" என்றார், அவ்வளவுதான். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அவர் இவ்வளவு நல்லவராக இல்லாமல் இருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நீங்களும் அதையேதான் எழுதியிருந்தீர்கள், வேறு வார்த்தையில்.

இப்போது என் பக்கம். எதையும் குறைக்கமாட்டேன் என்று சொல்லி ஆரம்பித்தேன். குறைத்திருக்கிறேன்.

வண்டியில் எனக்கு இடம் இல்லை என்று எழுதினேன் அல்லவா? அதற்கு இரண்டு நாள் முன்பே அங்கிள் ஒரு படம் போட்டுக் காட்டியிருந்தார். மெத்தைக்கு மேலே, கால் பக்கம், கேன்வாஸ் துணியில் மடக்கும் கட்டில். என் உயரத்துக்கு அளந்திருந்தார். "இது பாப்பாவுக்கு. இதுல படிக்கற லைட்டும் வெச்சிடலாம்" என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். அவர் கட்டித்தரும் கட்டிலில் படுத்தால் நான் உங்களை விட்டுவிட்டதுபோல ஆகிவிடும் என்று தோன்றியது. அப்புறம் உங்களுக்கு எழுதும்போது, கட்டிலை விட்டுவிட்டு, இடம் இல்லை என்று மட்டும் எழுதினேன். நீங்கள் என் பக்கம் நின்று கோபப்படவேண்டும் என்று ஆசைப்பட்டேன். கோபப்பட்டீர்கள்.

அம்மா சொன்ன வரியையும் உண்மை என்பதற்காக மட்டும் நான் எழுதவில்லை. அன்றைக்கு அம்மா நான் அடித்த பெயின்டைப் பார்க்கவே இல்லை. அங்கிள் போட்ட கதவைத்தான் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். எனக்கு எரிந்தது. அந்த எரிச்சலை உங்களுக்குக் கவரில் போட்டு அனுப்பினேன். நீங்கள் செய்தது தவறு. அதை நான் மறக்கமாட்டேன். ஆனால் என் கையால்தான் வந்தது உங்களுக்கு.

அதனால் ஒரு முடிவு செய்திருக்கிறேன். இனி இந்த வீட்டைப் பற்றி உங்களுக்கு எழுதமாட்டேன். அம்மா என்ன சொன்னாள், எப்படிச் சிரித்தாள், யாரை எப்படிக் கூப்பிட்டாள், எதுவும் வராது. நீங்கள் கேட்டாலும் வராது. என் பள்ளி, என் புத்தகங்கள், என் சிநேகிதியோடு போட்ட சண்டை இவைமட்டும் வரும். உங்களுக்கு இவை போதாது என்றால் எனக்கு எழுதவேண்டாம். போதும் என்றால், டிசம்பர் விடுமுறைக்கு உங்களிடம் வருகிறேன். பட்டறையை ஒரு ஞாயிறாவது பூட்டிவைக்கவேண்டும். எங்காவது போகலாம், பஸ்ஸில் போனாலும் சரி.

ஆரம்பித்ததை முடிக்கவேண்டும் என்பதால், வண்டியைப் பற்றிக் கடைசியாக ஒரு குறிப்பு. 28-ஆம் தேதி மலை ஓட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு, ஆக்ஸிலை நகர்த்தி வெல்டிங் வைத்தாயிற்று. மூக்கில் ஐம்பத்தாறு கிலோ. நேற்று பெரிய ரோட்டில் நாற்பது கிலோமீட்டர் ஓட்டினோம். நான் பின்சீட்டில் திரும்பி உட்கார்ந்து கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தேன். ஆடவே இல்லை.

இன்றைக்கு மழை ஒழுகுகிறதா என்று பார்க்க, வாசலிலேயே வண்டிக்குள் படுத்துப் பார்க்கப்போகிறார்கள். கட்டிலை மாட்டட்டுமா என்று அங்கிள் மறுபடியும் கேட்டார். அடுத்த முறை என்றேன். நான் என் அறை ஜன்னலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வண்டியின் வட்ட ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம் தெரிகிறது. அம்மா இங்கே பார்த்துக் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

மணி எட்டரை. விளக்கை அணைத்துவிட்டார்கள்.

உங்கள் மகள்